துப்பாக்கி கைமாறும்போது: விலை, கமிஷன், 45 நாள்

போனை எடுத்ததும் "கடைசி விலை என்னங்க?" என்று ஆரம்பிப்பவரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "லைசென்ஸ் கையில் இருக்கிறதா?" பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் சிலர், "முதலில் துப்பாக்கி கிடைக்கட்டும், அப்புறம் லைசென்ஸ் போட்டுக்கலாம்" என்பார்கள். பைக் வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் போடுகிற மாதிரி!

கொங்குப் பக்கம் அப்பா காலத்திலிருந்து லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறோம். தோப்புக்காரர்கள், எஸ்டேட் முதலாளிகள், பேங்க் காவலாளிகள் என்று வருபவர்கள் எல்லாரும் பெரும்பாலும் பழைய துப்பாக்கிக்குத்தான் வருகிறார்கள். இந்த வியாபாரத்தில் சண்டை வருவதெல்லாம் துப்பாக்கியால் அல்ல. எதை முதலில் பேசுவது, எந்தச் செலவை யார் ஏற்பது என்று தெரியாமல் பேரம் பேசுவதால்தான்.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். வீட்டில் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் (bore, குழல் அளவு), இங்கிலாந்தில் செய்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து, "இதை வீட்டுல வெச்சிருந்தா உங்க மேல கேஸ் ஆயிடும்க்கா. நான் முப்பதாயிரத்துக்கு எடுத்துக்கறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றிருக்கிறார். சொன்னதில் பாதி உண்மை. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஆனால் அடுத்த பாதியை அவர் சொல்லவில்லை. அப்படி ஒப்படைத்த பிறகும், குறிப்பிட்ட காலத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்றுப் பணம் பெறும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. ஆயுதச் சட்டத்தின் 21வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாரிசு யாராவது தன் பெயரில் லைசென்ஸ் கேட்கவும் வழி இருக்கிறது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தி விலை குறைப்பதைப் பேரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போதாததற்கு, "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்ற அந்த விற்பனை அந்த அம்மாவைத்தான் குற்றவாளி ஆக்கியிருக்கும். வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆயுதத்தைக் கொடுப்பதே குற்றம்.

சரி, நியாயமான பேரம் எப்படி இருக்கும்? வாங்குபவர் முதலில் தன் லைசென்ஸைக் காட்டுவார். அதில் எந்த வகைத் துப்பாக்கி, வாங்குவதற்குக் காலக்கெடு எப்போது, ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று விற்பவர் பார்ப்பார். முன்பு ஒருவர் மூன்று வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். அதன் பிறகுதான் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்ததும் திறந்து, தோட்டா போடும் அறை காலி என்று இருவரும் பார்க்க வேண்டும். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. கேட்காமல் ட்ரிகரை இழுத்து 'டிக் டிக்' என்று அடித்துப் பார்ப்பது பெரிய மரியாதைக் குறைவு. பழைய இரட்டைக்குழலில் தோட்டா இல்லாத வெறும் அடியால் தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்துபோனால் அந்தச் செலவை யார் கொடுப்பது?

குறை சொல்லலாம். குழலுக்குள் துருப்புள்ளி, கீலில் ஆட்டம், மரக்கட்டையில் விரிசல், மேல்பூச்சு புதிதாக ஏற்றியது, இதெல்லாம் விலையைக் குறைக்க நியாயமான காரணங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை அதில் போடக் கூடாது. இதை விற்பவரே முதலில் சொல்லிவிட வேண்டும். "ஓட்டைத் துப்பாக்கி" என்று மட்டம் தட்டிவிட்டு அதையே வாங்க நிற்பதுதான் அசிங்கம். வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு விலை ஏறி நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. பொது விற்பனைக்கான இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோனது. அதற்கு முன் வந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

விலை முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதாக இருந்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் வாங்குபவரின் விவரமும் இருக்கும். 20வது நாளில் வேறொருவர் பத்தாயிரம் கூடத் தருகிறேன் என்று வந்தால் விற்பவருக்குக் கை அரிக்கும். ஆனால் ஆளை மாற்றினால் கடிதமும் புதிது, 45 நாளும் முதலிலிருந்து. அந்தப் பத்தாயிரம் தேவைதானா? வாங்குபவரும் 44வது நாளில் வந்து, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்கக் கூடாது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடச் சொல்வேன். அதிகாரிகள் ஆட்சேபித்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். வாங்குபவர் மனம் மாறினால் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் இருவருக்குள். காத்திருக்கும் நாளில் துப்பாக்கி கடையில் இருந்தால் காப்புக் கட்டணத்தை வாங்குபவர் ஏற்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அவருக்காகத்தானே எடுத்து வைக்கிறோம். "நம்ம ஆளுதானே, இப்பவே கொண்டுபோங்க" என்பது மட்டும் கூடவே கூடாது. மிச்சம் இருக்கும் தோட்டாக்களைக் கொசுறாகத் தருவதும் அப்படித்தான். தோட்டாவும் லைசென்ஸ் கணக்கில் வருவது.

கமிஷன் பற்றி எங்கள் கடைக் கதையையே சொல்கிறேன். அப்பா காலத்தில் விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு பக்கமும் வாங்குவோம், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம். அப்போது அது வழக்கம். ஒருநாள் அப்படி விற்றவரும் வாங்கியவரும் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள், அன்றோடு அந்த வழக்கம் முடிந்தது. இப்போது தொகையை இருவர் முன்னாலும் சொல்லி, விற்பவரிடம் மட்டும் வாங்குகிறோம். அரசுக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. 'ஆபீஸ் செலவு' என்று யாராவது மொத்தமாக ஒரு தொகை கேட்டால் அது கட்டணம் அல்ல. முகநூலில் ரிவால்வர் படம் போட்டு முன்பணம் கேட்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

அந்த அம்மாவின் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்து, ரசீது போட்டு, காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்தோம். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் லைசென்ஸோடு வந்து பார்த்து, துருப்புள்ளிக்காக ஐந்தாயிரம் குறைத்து 85 ஆயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். காத்திருப்பு முடிந்து கைமாறும் நாளில் அந்த அம்மா, தோட்டா வைக்கும் தோல் பெல்ட்டை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பேசிய விலையில் பெல்ட்டும் சேர்த்திதான். பொள்ளாச்சிக்காரர் பெல்ட்டை எடுத்து, சுருட்டி, அந்த அம்மாவின் பையிலேயே வைத்துவிட்டு, பாக்கிப் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.