அந்த இரண்டு புள்ளிகள் அலங்காரம் இல்லை

போன வாரம் ஒரு மாதிரிப் பேச்சுத் தேர்வு நடத்தினேன். எதிரில் ஜெர்மன் மொழியின் பி2 தேர்வுக்கு (ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் படிகளில் நான்காவது) தயாராகும் செவிலியர். நான் நோயாளி, அவர் இரவுப் பணியில் இருக்கிறார். கட்டிலருகே இருக்கும் அழைப்பு மணியைக் காட்டி, "தேவைப்பட்டால் அழுத்துங்கள்" என்று அவர் சொல்ல வேண்டும். இலக்கணம் சுத்தமாக இருந்தது. வினைச்சொல்லும் மரியாதை வடிவமும் சரி. ஆனால் என் காதில் விழுந்தது, "மணியை அச்சடியுங்கள்."

ஜெர்மனில் அழுத்துவதற்கும் அச்சடிப்பதற்கும் எழுத்தில் இரண்டே புள்ளிதான் வித்தியாசம். 'உ' ஒலிக்கான ஜெர்மன் எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் அழுத்து, இல்லாவிட்டால் அச்சடி. இந்தச் சொல்லில் இடறி என் முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "புள்ளி இல்லாமலே புரிஞ்சிடுமே மேம்."

புரியாது. தயவுசெய்து இந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். 'பல்' என்று எழுதி மேலே இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டால் அது 'பல' ஆகிவிடுகிறது. அப்போது "புள்ளிதானே" என்று யாராவது சொல்வோமா? ஜெர்மனிலும் அப்படித்தான். 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதே 'ஓ'வுக்குப் புள்ளி வைத்தால் 'அழகான'. 'முட்டர்' என்றால் அம்மா, புள்ளி வைத்தால் அம்மாக்கள். 'ட்ஸாலன்' என்றால் பணம் கட்டு, புள்ளி வைத்தால் எண்ணு. பழைய கையெழுத்தில் உயிரெழுத்தின் தலைமேல் சின்னதாக ஆங்கில 'ஈ' எழுத்தை எழுதினார்கள். அது தேய்ந்து தேய்ந்து இரண்டு புள்ளி ஆனது. அதனால்தான் புள்ளி வைக்க வழியில்லாத படிவங்களில் பக்கத்திலேயே அந்த எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். அவர்களே விட்டுவிடாத புள்ளியை நாம் விட்டால் எப்படி?

அடுத்தது அந்த 'யு'. நோட்டில் புள்ளி வைத்த 'உ'வுக்குப் பக்கத்தில் 'யு' என்று எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'ம்யூனிக்' என்று கேட்டுப் பழகியதால் அந்த ஊரின் ஜெர்மன் பெயரையும் 'ம்யூ' என்றே தொடங்குகிறீர்கள். 'யு' என்பது இரண்டு ஒலி. ஜெர்மனில் இருப்பது ஒன்றே ஒன்று. இப்படிச் செய்யுங்கள்: 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காதீர்கள். நாக்கு அங்கேயே இருக்க, உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிப்பதுபோல் குவியுங்கள். வருகிற ஒலிதான் அது. 'ஏ' சொல்லி 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த 'ஓ' வந்துவிடும். புள்ளி வைத்த 'அ' நமக்குச் சிரமமே இல்லை, நம் 'எ' போதும். மற்ற இரண்டும் நமக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இதழ் குவிந்து பிறப்பவை என்று தொல்காப்பியம் சொல்வது உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தைத்தான். இ, ஏ சொல்லும்போது உதட்டைக் குவிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். நாக்கில் குறை எதுவும் இல்லை.

குறில் நெடில் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. எ-ஏ, ஒ-ஓ என்று தனித்தனி எழுத்தே வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, 'ஓஃபன்' என்ற அடுப்பையும் 'ஒஃபன்' என்ற 'திறந்த'வையும் ஒன்றாகச் சொல்லலாமா? 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. உயிருக்குப் பின்னால் 'ஹ' எழுத்து வந்தால் நெடில், அந்த 'ஹ'வைச் சொல்லவே கூடாது. பின்னால் இரட்டை மெய் வந்தால் குறில். அதற்காக 'பட்டம்' என்பதுபோல் அந்த மெய்யை அழுத்திவிடாதீர்கள். முன்னால் இருப்பது குறில் என்று காட்டத்தான் மெய்யை இரட்டித்து எழுதுகிறார்கள், சொல்லும்போது ஒற்றைதான். சந்தேகம் வந்தால் டூடன் அகராதியைப் பாருங்கள். அழுத்தம் விழும் உயிர் நெடில் என்றால் அடியில் கோடு, குறில் என்றால் அடியில் புள்ளி போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, இதை அநேகமாக யாரும் சொல்லித் தருவதில்லை. பேச்சில் நாம் 'எங்கே'வை 'யெங்கே' என்போம். அந்தப் பழக்கத்தில் 'சாப்பிடு' என்பதற்கான 'எஸ்ஸன்' 'யெஸ்ஸன்' ஆகிறது, காதைக் குறிக்கும் 'ஓர்' 'வோர்' ஆகிறது. 'நாள்', 'எல்லாம்' இரண்டையும் சேர்த்து 'நாளெல்லாம்' என்பதுபோல், 'ஒரு மாலையில்' என்பதற்கான 'அன் ஐனம் ஆபென்ட்' மூன்றையும் ஒரே மூச்சில் கோத்துவிடுகிறோம். ஜெர்மனில் உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். சொற்கள் ஒட்டாமல் விட்டு விட்டு நிற்க வேண்டும். அப்புறம் சொல்லின் கடைசி. 'பிட்டெ' என்றால் 'தயவுசெய்து'. அந்தக் கடைசி 'எ' 'அ'வாக மாறினால் 'கசப்பு'. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லும் சொல் இது, பார்த்துச் சொல்லுங்கள்.

பி1 தேர்வில் பேச்சுக்குத் தனியாக 100-க்கு 60 வேண்டும். எழுத்தில் வாங்கிய மதிப்பெண் இங்கே கைகொடுக்காது. அதனால் நோட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ உச்சரிப்பு எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் இங்கே எழுதியிருப்பதும் அடையாளத்துக்குத்தான். முதல் வாரம் வாயே திறக்க வேண்டாம். புள்ளி உள்ளது, இல்லாதது என்று ஜோடிச் சொற்களைக் கேட்டு, எது எது என்று காதால் பிரித்துப் பழகுங்கள். காது பிரிக்காததை வாய் சொல்லாது. பிறகு கண்ணாடி முன் நின்று சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அந்தச் செவிலியரும் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'ஈ' சொன்னார். உதடு குவிந்ததும் நாக்கு பின்னால் ஓடிவிட்டது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்து 'அழுத்துங்கள்' என்பது அழுத்துங்கள் என்றே கேட்டது. அடுத்த மாதம் அவருக்குத் தேர்வு. இப்போது ஏ1 படிக்கிறவர்கள் அதுவரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கண்ணாடியோடு வகுப்புக்கு வாருங்கள்.