எழுத்தை மறைத்துவிட்டுப் படப் புத்தகம் வாங்குங்கள்

பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வருகிற பெற்றோரிடம் நான் முதல் நாளே சொல்வது, அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான். பெரும்பாலும் ஒரே மாதிரியான புத்தகம்தான் வரும். தடித்த அட்டை, பளபளப்பான தாள், பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், உடல் உறுப்புகள் என்று பக்கம் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே பெயர். அட்டையில் ஆயிரம் சொற்கள் என்றோ மூளை வளர்ச்சிக்கு என்றோ கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வெளியே எடுத்ததுமே இரண்டரை வயதுக் குழந்தை புத்தகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். "இது என்னடா? ஆன்ட்டிகிட்ட சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை ஆரம்பிக்கப் போகிறது என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் ஆப்பிள் படத்தைக் காட்டி ஆப்பிள் என்று சொல்ல வைத்த பிறகு அந்தப் பக்கத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? வெள்ளைத் தாளில் யாரும் கடிக்காமல், யார் கையிலும் இல்லாமல் தனியாக இருக்கிற ஓர் ஆப்பிளைப் பற்றி நீங்களும் நானும்கூட இரண்டாவது வாக்கியம் பேச முடியாது. படத்தைக் காட்டிப் பெயர் சொல்லித் தருவது பழைய முறைதான், 1658இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் அப்படி ஒரு பாடப் புத்தகமே வெளியிட்டார். ஆனால் அவர் படங்களில் பொருள்கள் இப்படி அநாதையாக நிற்காது. தோட்டம், சமையலறை, முடிதிருத்தும் கடை என்று ஒரு காட்சியை வரைந்து அதற்குள் இருக்கிற பொருள்களுக்கு எண் போட்டிருப்பார். முந்நூற்று அறுபது வருஷத்துக்கு அப்புறம் நாம் காட்சியை அழித்துவிட்டுப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டோம், அதற்குக் கல்வி என்று பெயரும் வைத்துவிட்டோம்.

படப் புத்தகங்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளைப் பார்த்தால் தாள் நன்றாக இருக்கிறது, வண்ணம் கண்ணைக் கவர்கிறது, நல்ல கருத்து இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். என் வேலையில் எனக்கு உதவுகிற அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பெரியவர் சும்மா இருந்தால் குழந்தை ஏதாவது சொல்கிறதா? சொல்லோ, விரல் நீட்டலோ, சிரிப்போ, எதுவானாலும் சரி. அந்தப் புத்தகம் குழந்தைக்கு வேடிக்கையாக இருக்கிறதா, ஏதாவது கற்றுத் தருகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன், நான் அதிகம் பயன்படுத்துவதும் அதுதான். பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி வரைந்த 'ரோசீஸ் வாக்', வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மொத்தக் கதையும் 32 சொல், ஒரே வாக்கியம். ரோசி என்ற கோழி உலாவப் போகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் மேல் ஏறி, மாவு மில்லைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேன் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. அவ்வளவுதான் எழுத்து. படத்தில் ஒரு நரி அதன் பின்னாலேயே வருகிறது. பாயும், மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்கும். மறுபடி பாயும், குளத்தில் விழும். அடுத்து வைக்கோலுக்குள் புதையும், மாவில் குளிக்கும், கடைசியில் தேனீக்கள் துரத்தத் தலைதெறிக்க ஓடும். இந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது, கோழியும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் காட்டிக் கோழியைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டே போனால், இரண்டாவது பக்கத்தில் இல்லாவிட்டாலும் மூன்றாவது பக்கத்தில் "நரி!" என்று கத்திவிடும். நமக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது என்றால் குழந்தையால் சும்மா இருக்க முடியாது, சொல்லியே ஆக வேண்டும். பேச்சு தாமதமாக வருகிற குழந்தையிடம் அந்தத் தவிப்பைக் கொண்டுவரத்தான் நாங்கள் மணிக்கணக்கில் பாடுபடுகிறோம். மேலே, அடியில், சுற்றி, உள்ளே, தாண்டி என்று இடம் காட்டும் சொற்கள் அத்தனையும் ஒரே கதையில் வந்துவிடுவது எனக்குக் கூடுதல் லாபம். பட அட்டையைக் காட்டி மேசைக்கு மேலே பந்து, மேசைக்குக் கீழே பந்து என்று சொல்லித் தந்தால் கொட்டாவி விடுகிற குழந்தை, நரி எங்கே விழுந்தது என்று கேட்டால் எழுந்து நின்று நடித்துக் காட்டும். புத்தகம் ஆங்கிலமாயிற்றே என்று கவலைப்படாதீர்கள், கோழிக்கும் நரிக்கும் தமிழ் தெரியும். வீட்டில் பேசுகிற மொழியிலேயே சொல்லுங்கள்.

ஆகவே கடையில் படப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் எழுத்து இருக்கிற இடத்தை உள்ளங்கையால் மூடிவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதை புரிகிறதா? அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே ஓர் ஆர்வம் வருகிறதா? முகங்களில் பயம், கோபம், திருட்டுத்தனம் தெரிகிறதா, இல்லை எல்லாரும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களா? கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கனடாவில் 2005இல் இன்னும் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். பெரியவர் வாசிக்க வாசிக்கக் குழந்தையின் பார்வை படத்திலேயேதான் இருந்தது, எழுத்தின் பக்கம் போனதே அபூர்வம். குழந்தைக்குக் கிடைப்பது படமும் உங்கள் குரலும் மட்டுமே, நாமோ அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கி வருகிறோம்.

நான் பார்த்ததில் படப் புத்தகத்தை மிக அழகாகச் சொல்கிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்கள்தான். எழுத்து என்ன சொல்கிறது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. "அடப்பாவி, இந்த நரி எங்க போகுது பாரு" என்று ஆரம்பித்துவிட்டு, ம்ம் கொட்டிக்கொண்டு, பேரன் ஏதாவது சொல்லும் வரை நிறுத்தி வைப்பார்கள். படித்த அப்பாக்களோ நாலு நிமிஷத்தில் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டு "முடிஞ்சது, தூங்கு" என்பார்கள். ஆச்சிகள் செய்வதை 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு சாராரிடம், வாசிக்கும்போது திறந்த கேள்வி கேளுங்கள், குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள், குழந்தையைக் கதை சொல்ல விடுங்கள் என்று பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் குழுவின் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். திறந்த கேள்வி என்றால் பெரிய வித்தை இல்லை, "இது என்ன" என்பதை விட்டுவிட்டு "அச்சச்சோ, என்ன ஆச்சு" என்று கேட்பது. கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுவது. இந்தப் பத்துதான் பெற்றோருக்கு ரொம்பக் கஷ்டம், மூன்று எண்ணுவதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து எழுத்துக்கு வருவோம். தமிழ்ப் படப் புத்தகங்களில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. 'கரடியானது மிகுந்த பசியுடன் காணப்பட்டது' என்பது போன்ற வாக்கியங்கள். மூன்று வயதுக் குழந்தையின் காதில் இப்படி ஒரு தமிழ் இதுவரை விழுந்தே இருக்காது. அதனால் வீட்டில் வாசிக்கிற அம்மா அங்கேயே அதை "கரடிக்கு ரொம்பப் பசிச்சுதாம்" என்று மாற்றிவிடுகிறார், அது சரியான காரியம்தான், குற்ற உணர்ச்சியே வேண்டாம். எழுத்துத் தமிழும் காதில் விழட்டும், நான்கு ஐந்து வயதில் அந்த நடை பழகினால் பிறகு பள்ளிப் பாடம் அந்நியமாகத் தெரியாது. ஆனால் அது குட்டி வாக்கியமாக, சொன்னதே திரும்ப வருவதாக, வாய்விட்டு வாசித்தால் நாக்கு இடறாததாக இருக்க வேண்டும். வாங்கும் முன் இரண்டு பக்கத்தையாவது சத்தமாக வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் நிச்சயம் வாசித்துப் பாருங்கள்.

விலங்குகள் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிற கதைகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கதைக்கு அது அருமையாக இருக்கும், நம் பஞ்சதந்திரமே அதுதானே. ஆனால் விலங்கைப் பற்றிய அறிவுக்கு அந்தப் புத்தகத்தை நம்பாதீர்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கானியாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2014இல் காட்டியது இது: விலங்குகளை மனிதர்களைப் போலக் காட்டும் புத்தகங்களைக் கேட்ட குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகக் கற்றார்கள், நிஜ விலங்குக்கும் மனித குணங்கள் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். யானை எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லித்தர வேண்டுமானால் யானை யானையாகவே இருக்கிற புத்தகம் வேண்டும். அப்புறம் அந்தக் கடைசிப் பக்கத்து 'நீதி'. மூன்று வயதுக் குழந்தை நரிக்காக வருத்தப்பட்டு "பாவம் நரி" என்று சொல்ல வாயெடுக்கும்போது, 'நீதி: பேராசை பெருநஷ்டம்' என்று வாசித்தால் அத்துடன் பேச்சு முடிந்துபோகும். அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

திறந்து மூடும் தாள், இழுத்தால் நகரும் படம் உள்ள புத்தகங்கள் ஒரு வயதை ஒட்டிய குழந்தையைப் புத்தகத்தோடு உட்கார வைக்க நல்லவை. சொல்லோ எழுத்தோ கற்றுத்தரும் எண்ணம் இருந்தால் அவையே தடை. இந்தச் சாதனங்கள் கூடக் கூடக் குழந்தை கற்பது குறைகிறது என்று 2010இலும் 2012இலும் வந்த ஆய்வுகள் சொல்கின்றன, என் மேசையிலும் அதைத்தான் பார்க்கிறேன், கை வேலையில் இருக்கிற குழந்தைக்குக் காது வேலை செய்வதில்லை. விரித்தால் இரண்டு பக்கமும் இரண்டு தனித்தனிப் படம் இருந்தாலும் சின்னக் குழந்தைகள் எதைப் பார்ப்பது என்று தடுமாறுகிறார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2017இல் மூன்று வயதினரை வைத்துப் பார்த்தபோது ஒரு நேரத்தில் ஒரு படம் மட்டும் பார்த்தவர்கள் புதிய சொற்களை அதிகம் கற்றார்கள். இதற்கு வீட்டு வைத்தியம் சுலபம், அடுத்த பக்கத்தை ஒரு தாளால் மூடி வையுங்கள்.

பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும் புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பேச்சு வளர்ச்சிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, பேச வேண்டிய ஆள் நீங்கள். அதைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையான புண்ணாகிவிடலாம். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கப்படவில்லை என்றால் அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வரவே கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், பழம் கொடுத்துப் பார்க்காமல், நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை புத்தகத்தை வாயில்தான் வைக்கும், அதைத் திட்டாதீர்கள், முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுத்தால் போதும்.

"ஒரே புத்தகத்தையே தினமும் கேட்கிறான், வேறு எதையும் தொடுவதில்லை" என்று வருகிற புகாருக்கு என் பதில், தொடரட்டும். 2011இல் ஜெசிகா ஹார்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்குத்தான் அதில் வந்த புதுச் சொற்கள் மனதில் நின்றன, வெவ்வேறு கதைகளில் அவற்றைக் கேட்டவர்களுக்கு அவ்வளவாக நிற்கவில்லை. அதனால் பத்துப் புத்தகம் வாங்கும் காசில் இரண்டு நல்ல புத்தகம் வாங்குங்கள். சென்னையின் தூலிகா 1996 முதல் தமிழிலும் இருமொழியிலும் நம் ஊர் முகங்களோடு படப் புத்தகம் போடுகிறது, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பலர் சேர்ந்து மொழிபெயர்ப்பதால் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஒருமுறை நீங்கள் வாசித்துவிட்டுப் பிறகு குழந்தையிடம் போங்கள், முடிந்தால் அச்செடுத்து. வாங்கும் முன் குழந்தையை வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் ஒன்றரை வயதுக் குழந்தை எந்தப் படத்தையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, இரண்டு வயதாகியும் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், புத்தகத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான் என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் காது பரிசோதனை, அடுத்தது குழந்தை மருத்துவர், அப்புறம் எங்களைப் போன்றவர்கள். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளுக்காகவே அரசு நடத்துகிற மையம் அது, கட்டணம் கிடையாது. போகும்போது குழந்தைக்குப் பிடித்த அந்தக் கிழிந்த புத்தகத்தையும் எடுத்துப் போங்கள், பரிசோதிப்பவருக்கு உதவும்.