மூன்று கோல்ஃப் மட்டைகளுக்கு 25 ஆண்டுகள்

2000 மார்ச் மாதம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானக் கடையிலிருந்து ஒருவர் விந்தி விந்தி வெளியே வந்தார். நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஊழியர் போலீசுக்குப் போன் செய்தார். பேன்ட்டுக்குள் மூன்று கோல்ஃப் மட்டைகள் இருந்தன. ஒன்றின் விலை 399 டாலர். கிடைத்த தண்டனை, 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் அது சரி என்றது.

அவர் முன்பே கொள்ளை, வீடு புகுந்த திருட்டு வழக்குகளில் தண்டனை பெற்றவர். கடுமையான குற்றங்களில் இரண்டு முறை தண்டனை பெற்றவர் மூன்றாவது முறை சிக்கினால் இவ்வளவு தண்டனை என்பது 1994இல் கலிஃபோர்னியா மக்களே ஓட்டுப் போட்டு உறுதிசெய்த அன்றைய சட்டம். திருடர் பயத்தில்தான் போட்டிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும். டாம் டைலர், ராபர்ட் போக்மன் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள மக்களிடமே கேட்டுப் பார்த்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். குற்றத்தைப் பற்றிய பயத்தைவிட, 'குடும்பங்களில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது, ஊரில் பொதுவான ஒழுக்கமே இல்லை' என்ற கவலைதான் அந்த ஆதரவோடு அதிகம் ஒட்டியிருந்தது.

குற்றத்துக்கு எது காரணம் என்பதிலும் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. பழமைவாதச் சாய்வுள்ளவர்கள் பெரும்பாலும் குற்றத்துக்குக் காரணத்தைக் குற்றவாளியின் குணத்தில் தேடுகிறார்கள். தாராளவாதிகள் வறுமை, வளர்ந்த சூழல் என்று வெளியே தேடுகிறார்கள். காரணத்தை எங்கே வைக்கிறோமோ, தண்டனையும் அதன் பின்னாலேயே போகிறது.

அப்புறம் ஆளுமை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பாப் ஆல்ட்டமேயர் பல்லாண்டுகள் அளந்த ஒரு குணம் உண்டு: அதிகாரத்துக்குப் பணிவது, மரபை மீறுகிறவர்மேல் கோபப்படுவது, ஊரோடு ஒத்துப்போவதே சரி என்று நம்புவது, மூன்றும் சேர்ந்தது. இது அதிகம் உள்ளவர்களிடம் கற்பனை வழக்குகளைக் கொடுத்து, 'நீங்கள் நீதிபதியானால்?' என்று கேட்டார். மற்றவர்களைவிட நீண்ட சிறைவாசம் விதித்தார்கள்.

ஆனால், குற்றவாளிக் கூண்டில் ஆர்ப்பாட்டக்காரரை அடித்த போலீஸ்காரர் நின்றபோது அந்தக் கறார் காணாமல் போனது. என்னை உலுக்கியது இதுதான். அவர்களுக்குக் கண்டிப்பே பிடிக்கும் என்றால் அடித்த போலீஸ்காரருக்கும் கடுமையாகக் கொடுத்திருக்க வேண்டுமே? அவர்கள் எடை போட்டது செயலை மட்டுமல்ல, அது யார் கையால் நடந்தது, யார்மேல் நடந்தது என்பதையும்தான்.