கவலையை ஐந்தரை மணிக்கு வரச் சொல்லுங்கள்

"கவலைப்படாதே" என்று யார் சொன்னாலும் கவலை போவதில்லை. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியடியுங்கள் என்று சிலரிடம் சொல்லி ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. நினைக்கிறோமா என்று மனம் தன்னையே வேவு பார்க்க, அந்த வேவே கரடியைக் கூட்டி வந்துவிடுகிறது.

விரட்டுவதைவிட ஒத்திப்போடுவது சுலபம். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-இல் வெளியிட்ட முறை இது: கவலைப்படவென்றே தினமும் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம். கண்ட இடத்திலும் கவலைப்பட்டுப் பழகினால் படுக்கை, பஸ், அடுப்படி என்று அந்த இடங்களே கவலையைக் கிளப்பும். ஒரு நாற்காலியோடு அதை முடக்கினால் மற்ற இடங்களின் பிடி தளரும்.

மாலை 5.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப்போகும் நேரத்தை ஒட்டி வேண்டாம், கட்டில் வேண்டவே வேண்டாம். பகலில் கவலை எழுந்தால் துண்டுச் சீட்டில் ஒரே வரி: "தலைவலி, கட்டியோ?" விரித்து எழுதினால் அங்கேயே கவலைப்படத் தொடங்கிவிடுவீர்கள். பிறகு கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். நறுக்கும் வெங்காயம், குக்கர் விசில், எதுவானாலும் சரி. முதல் வாரம் அதே கவலை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் "ஐந்தரைக்கு" என்பதே பதில்.

ஐந்தரைக்கு உட்கார்ந்து, அரை மணி கழித்து அடிக்கும்படி அலாரம் வைத்துச் சீட்டை எடுங்கள். சில வரிகள் அதற்குள் நமுத்துப்போயிருக்கும், அடித்துவிடலாம். செய்ய ஏதாவது இருப்பவற்றுக்கு நாளும் நேரமும் குறியுங்கள். தலைவலிக்கு "புதன் காலை 10, டாக்டர்" என்று எழுதுங்கள். கூகுளில் தேடுவது சேர்த்தியில்லை, அது இன்னும் நாலு கவலையைக் கொண்டுவரும். "வேலை போய்விட்டால்?" போன்றவற்றை முழு வாக்கியங்களாக, கடைசிவரை எழுதுங்கள். மனதுக்குள் வட்டமடிப்பது தாளில் ஏதோ ஓரிடத்தில் முற்றுப்புள்ளிக்கு வந்தாக வேண்டும். அலாரம் அடித்ததும் எழுந்து நடந்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது நல்ல நாட்களில்தான். இன்று மனசு லேசாக இருக்கிறதே என்று ஐந்தரையைத் தவறவிடுவார்கள். சொன்ன நேரத்துக்குக் கடை திறக்காவிட்டால், மறுநாள் "அப்புறம்" என்பதை மனம் நம்பாது. எழுத ஒன்றுமில்லையென்றாலும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

அடக்க முடியாத கவலை பெரும்பாலான நாட்களில் வந்து, ஆறு மாதம் நீடித்து, தூக்கமின்மையும் உடல் இறுக்கமும் சேர்ந்தால், துண்டுச் சீட்டை மட்டும் நம்பாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.