பிரெலூட்: எதற்கு முன்னால்?

சினிமாப் பாட்டில் பல்லவிக்கு முன்னால் வரும் இசையைப் பிரிலூட் என்கிறோம். அது முடிந்ததும் பாடகர் எடுப்பார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1913-இல் பியானோவுக்கு எழுதிய ஓர் உருப்படிக்கும் பெயர் அதேதான், பிரெஞ்சில் பிரெலூட். 27 பார்தான் (ஒரு பார் நம் தாள ஆவர்த்தனம் மாதிரி), இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் பாட்டு வராது. எதுவுமே வராது.

அப்படியென்றால் எதற்கு முன்னால்?

லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'லூதெரே' என்றால் விளையாடுவது. கச்சேரிக்கு முன், தயாரிப்பில்லாமல் விரலை ஓடவிட்டு, சுருதி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற விளையாட்டு. லூட் என்ற நரம்புக்கருவிக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். (கருவியின் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை, ஒலி மட்டும்தான் ஒன்று.) ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-இல் தன் பிரெலூடுகளைத் தொகுத்தபோது ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறித் துரத்தும் உருப்படி) இருந்தது. 1839-இல் பியானோ மேதை ஷோப்பன் வெளியிட்ட 24 பிரெலூடுகளுக்குப் பின்னால் எதுவும் இல்லை. 'முன்' அங்கேயே உதிர்ந்துவிட்டது.

ராவெலிடம் அந்தப் பழைய பொருள் வேறு வழியில் திரும்பி வருகிறது. பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோ படித்த பெண்களுக்கு ஒரு தேர்வு: முன்பின் பார்க்காத தாளைக் கொடுத்து, கண்ட மாத்திரத்தில் வாசிக்கச் சொல்வார்கள். அதற்காக எழுதியது இது. பார்க்கச் சாது மாதிரி இருக்கும். நடுவில் இரு கைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நன்றாக வாசித்த ழான் லெலூவுக்கே ராவெல் இதைக் காணிக்கையாக்கினார். 1910-இல் ராவெலின் 'மா மேர் லுவா' என்ற, இருவர் சேர்ந்து வாசிக்கும் பியானோ உருப்படி முதன்முதலில் அரங்கேறியபோது அதை வாசித்த இரண்டு சிறுமிகளில் ஒருவர் இவர். ஆக, தயாரிப்பே இல்லாமல் வாசிப்பது என்ற ஆதிப்பொருள் கெடவில்லை.

சரி, தமிழில்? ஆளத்தி என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விளக்குகிறார். ஆனால் அது ஆலாபனை. ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டுவிட்ட உருப்படிக்கு அதை வைத்தால் பொய்யாகிவிடும். பாயிரம் நூலுக்கு உரியது. முன்னிசைதான் நேரான சொல். பின்னால் எதுவும் இல்லாததற்கு முன்னிசை என்று எப்படிப் பெயர் வைப்பது என்று சிலர் கேட்கலாம். எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுகிறவர் உண்டா? பிரெஞ்சுக்காரர்களும் தேடவில்லை.

தேர்வுக்குரிய அந்தத் திறமைக்குப் பிரெஞ்சில் 'தெஷிஃப்ராஜ்' என்று பெயர். சங்கேதத்தை அவிழ்ப்பது என்று பொருள். நமக்கு அவ்வளவு சிரமமில்லை. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். ழான் லெலூ அன்று ஒரே நேரத்தில் செய்தது அந்த இரண்டையும்தான்.