ஆசாரி விட்டுவைத்த இடைவெளி

கார்த்திகை மழையில் ஒரு வாசகியின் வீட்டுக்குள் ஓரிரவு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. பாட்டி காலத்துத் தேக்கு அலமாரியின் கதவு இறுகிக்கொண்டு, மாசி வெயிலில் தானாகச் சரியாகிவிட்டதாம். கடையில் வாங்கிய புதிய புத்தக அலமாரியோ தேநீரில் நனைத்த ரஸ்க் போல அடியில் ஊதி, இன்னும் அப்படியே இருக்கிறதாம். "இரண்டும் மரம்தானே?" என்று கேட்கிறார்.

மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. இறுகக் கட்டிய ஈர்க்கு விளக்குமாற்றின் நடுவே இன்னும் சில ஈர்க்குகளைச் செருகிப் பாருங்கள். கட்டு பருக்கும்; நீளாது. ஈரம் ஏறிய மரத்திலும் இதுவே நடக்கிறது, செருகப்படுவது நீர் மூலக்கூறு என்பதைத் தவிர. பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதம் சுருங்கும், நீளவாக்கில் 0.2 சதவீதம்கூட இராது. 45 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 15-க்கு ஏறினால் அது சுமார் 4 மி.மீ. விரியும். ஆணியடித்து அடக்கப் பார்த்தால் பலகை வெடிக்கும்.

ஆசாரி அடக்கப் பார்க்கவில்லை. அந்தப் பழைய கதவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கழுந்தும் துளையுமாகப் பூட்டிய நான்கு சட்டங்கள், அவற்றின் உள்விளிம்பில் ஒரு காடி, அதாவது நீளமாகச் செதுக்கிய பள்ளம். அகலமான நடுப்பலகை அந்தக் காடிக்குள் பசையோ ஆணியோ இல்லாமல் சும்மா செருகப்பட்டிருக்கும், இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு. மழையில் விரியும், வெயிலில் சுருங்கும், வெளியே தெரியாது. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. கதவின் அகலத்தில் பெரும்பகுதி படுக்கைச் சட்டத்தின் நீளம். நீளம்தான் மாறாதே! குத்துச் சட்டங்கள் இரண்டும் சற்றே பருத்ததால்தான் உங்கள் கதவு இறுகியது. (நள்ளிரவில் அலமாரி 'டக்' என்றால் முன்னோர் யாரும் வரவில்லை. காடிக்குள் பலகை மயிரிழை நகர்ந்திருக்கிறது.)

புதிய அலமாரி பார்ட்டிகிள் போர்டு. மரச் சில்லுகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பிசினைக் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்வது. அந்த அழுத்தத்தில் செல்கள் நசுங்கிப்போகின்றன. நசுங்கியபடியே பிசின் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் சில்லு வழக்கம்போல் ஊதுகிறது. நசுங்கிய செல்லும் நிமிர்கிறது. பிசினின் பிணைப்புகள் அறுகின்றன. காய்ந்தால் நீர் வெளியேறும். நிமிர்ந்ததை மறுபடி யார் நசுக்குவது?

தொழிற்சாலைப் பொருள் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பிளைவுட்டும் ஆலையில் பிறந்ததுதான். மெல்லிய மரத்தாள்களை ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒட்டுகிறார்கள். ஒரு தாள் விரிய நினைக்கும் திசையில் பக்கத்துத் தாளின் நீளம் இருப்பதால் அது விடுவதில்லை. நீளம் மாறாது என்ற அதே சூட்சுமத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டது. பீனால் ஃபார்மால்டிஹைட் பிசின் போட்டு ஒட்டியதென்றால் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். விலைதான் கூடுதல். அலமாரி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்து சொல்பவருக்குப் பணம் கொடுக்கிற நாம், உள்ளே என்ன பலகை, என்ன பிசின் என்று கடைக்காரரிடம் இலவசமாகக்கூடக் கேட்பதில்லை.

வாசகிக்கு ஒரு வார்த்தை. அடுத்த மழையில் தேக்குக் கதவு மறுபடி இறுகினால், உடனே இழைப்புளியைப் போட ஆளை அழைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஐப்பசியில் அவசரப்பட்டு இழைத்த கதவின் இடுக்கு வழியாகச் சித்திரையில் பல்லி போய் வருகிறது.