ஓய்வுபெற்ற ரயில் பெட்டிக்கு எத்தனை வயது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இடித்த வீட்டின் நிலைக்கதவு, பர்மாத் தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு எனக் குவிந்து கிடப்பவற்றுக்கு நடுவே சில சமயம் ரயில் சாமானும் தலைகாட்டும். குட்டையான ஒரு மின்விசிறி, பித்தளைக் கொக்கி, எஸ்.ஐ.ஆர். என்று பொறித்த கைவிளக்கு. எந்தக் காலத்தது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்தது" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கலாம். சாமானை மட்டுமல்ல, அது கழன்று வந்த முழுப் பெட்டியின் பிறப்பு வளர்ப்பையும் ஓரளவு துப்புத் துலக்கலாம்.

எஸ்.ஐ.ஆர். என்பது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி அது வேறு இரண்டு ரயில்வேக்களுடன் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே அந்த எழுத்துகள் இருந்தால் பொருள் 1951-க்கு முற்பட்டது என்று பெரும்பாலும் துணியலாம். ஆனால் அதன்பின் எத்தனை ஆண்டுகள் அது வேலை செய்தது என்பதை எழுத்துகள் சொல்லாது. கொக்கி தேயாத பொருள்; ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்திருக்கும். மின்விசிறி இன்னும் கொஞ்சம் பேசும். பழைய பெட்டிகளில் அச்சோடு வார்ப்பட்டை போட்டு ஓட்டிய டைனமோ 24 வோல்ட் நேர்மின்சாரம் தந்தது. பிற்காலப் பெட்டிகள் 110 வோல்ட்டுக்கு மாறின. விசிறியின் தகட்டில் 24 என்றிருந்தால் அது முந்தைய தலைமுறைப் பெட்டியிலிருந்து வந்திருக்கும். வாங்கி வந்து வீட்டு பிளக்கில் செருகினால் எந்தத் தலைமுறையாக இருந்தாலும் கருகிவிடும் என்பது வேறு விஷயம்.

அடுத்த சாட்சி அளவுநாடா. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், அங்கிருந்து திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல் வழியாக மானாமதுரைக்கு 1930-லும் தண்டவாளம் வந்தது. அது மீட்டர் கேஜ். இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். 2007, 2008 வாக்கில்தான் இந்தப் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்ட அகலப் பாதையானது. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், அகலப் பாதைப் பெட்டியுடையது சுமார் 3.25 மீட்டர். எங்காவது தோட்டத்தில், பணிமனை ஓரத்தில், சக்கரமே இல்லாமல் ஒரு பெட்டி கிடந்தாலும் குறுக்கே நாடா பிடித்தால் எந்தப் பாதையில் ஓடியது என்று தெரிந்துவிடும். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் அலுவலகத்துக்குப் போகிறவர்களைச் சுமந்த மின்சார ரயில்களும் மீட்டர் கேஜ்தான். அந்தச் சேவை 2004-இல் முடிந்தது. அப்பெட்டிகள் வேறு பாதைக்கு மாற முடியாதவை. மீட்டர் கேஜ் சுருங்கச் சுருங்க அவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எண்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது. அகலப் பாதைப் பெட்டிகளில் பல காலம் புழங்கிய ஐந்து இலக்க எண்ணைப் படிப்பது எளிது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி மூன்று இலக்கம் வகையும் வரிசையும். 96438 என்று ஒரு எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 96 என்பது 1996. 401 முதல் 600 வரை முன்பதிவு இல்லாத இரண்டாம் வகுப்பு. 201 முதல் 400 வரை படுக்கை வசதிப் பெட்டி, 701 முதல் 800 வரை கார்டு அறையும் சரக்கு அறையும் கொண்ட கடைசிப் பெட்டி. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. ஜி.எஸ்.சி.என். என்றிருந்தால் தானே மின்சாரம் உற்பத்தி செய்துகொள்ளும் மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டி. அதற்கும் முன்னால் டபிள்யூ வந்தால் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நடந்து போகலாம்.

இவ்வளவு தெளிவாக இருப்பதாலேயே இந்த எண் ஆளை ஏமாற்றும். அது பெயின்ட். பழுதுபார்ப்பின்போது அழித்து எழுதலாம். பெட்டியைப் புதுப்பித்துக் கட்டினால் முதல் இரண்டு இலக்கம் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கக்கூடும். பெட்டியின் கதையைத் தேடுகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றே: எது மாற்றுவதற்குச் சுலபமோ அதன் சாட்சி பலவீனம், எதை மாற்றினால் பெட்டியையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்குமோ அதன் சாட்சி பலம். நம் ஊர்ப் பெரிய வீட்டில் தூண் ஒரு தலைமுறையினுடையது, ஆத்தங்குடிக் கல் அடுத்த தலைமுறையினுடையது, மின்கம்பி அதற்கும் அடுத்ததினுடையது. 'வீட்டுக்கு என்ன வயது' என்றால் எதைக் காட்டுவது? பெட்டியும் அப்படித்தான். கூடு, போகி (சக்கரங்களைப் பிடித்திருக்கும் அடிவண்டி), சக்கரம், எண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது.

சக்கரத்தைப் பார்ப்போம். அச்சின் முனையிலும் சக்கரத்திலும் தயாரிப்பாளரின் குறியும் தேதியும் அடித்திருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெட்டியின் ஆண்டு இதுதான் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வடிவப் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஓட ஓடத் தேயும், விளிம்பின் வடிவம் கெடும், லேத்தில் கடைந்து சரிசெய்வார்கள், இன்னும் சிறுக்கும். 825 மில்லிமீட்டரைத் தொட்டால் கழித்துவிட வேண்டியதுதான். பெட்டி பணிமனைக்கு வரும்போதெல்லாம் தயாராக இருக்கும் வேறொரு ஜோடியைப் பொருத்தி அனுப்புவார்கள். எனவே சக்கரத்தின் தேதி பெட்டி எப்போது பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ பெட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லும். அதுவும் ஒரு தகவல்தான், வீணில்லை.

பெட்டியின் முன் பின் சுவர்களில் சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. எந்தப் பணிமனையில் கடைசியாக முழுப் பராமரிப்பு நடந்தது, எந்தத் தேதியில் மீண்டும் அங்கே வர வேண்டும், எந்த டிப்போவுக்குச் சொந்தம் என்பதெல்லாம் அங்கே இருக்கும். எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிகளுக்கு இந்தப் பராமரிப்பு ஏறத்தாழ 18 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும். கழித்துக் கட்டிய பெட்டியில் 'திரும்ப வேண்டிய தேதி' கடந்து போயிருந்தால், கடைசிப் பயணம் அதற்கு முன்னால் முடிந்தது என்று கொள்ளலாம்.

வண்ணமும் பேசும். இப்போது நாம் பழைய நீலப் பெட்டி என்று சொல்வது உண்மையில் அவ்வளவு பழையதல்ல. வெற்றிட பிரேக் கொண்ட பெட்டிகள் செங்காவி நிறத்தில் இருந்தன. 1990-களில் காற்று பிரேக் பெட்டிகளுக்கு நீலம் பூசத் தொடங்கினார்கள். நீலத்தின் உரிந்த ஓரத்தில் செங்காவி தெரிந்தால் அந்த மாற்றத்துக்கு முன்பே பிறந்த பெட்டி. அதற்கும் அடியில் மூன்றாம் வகுப்பைக் குறிக்கும் மூன்று கோடுகள் தென்பட்டால் 1974-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ஒழிந்து எல்லோரும் இரண்டாம் வகுப்புக்கு உயர்ந்தார்கள், இருக்கை அதே பலகையாக இருந்தாலும். இதை முறையாகச் செய்ய வேண்டுமென்றால் உலோகம் வரை இறங்கும் சிறு பெயின்ட் சில்லை எடுத்து, பிசினில் பதித்து, வெட்டுமுகத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அடிப்பூச்சு, நிரப்புப் பூச்சு, மேல்பூச்சு என்று பட்டை பட்டையாகத் தெரியும். எண்ணினால் பெட்டி குறைந்தது எத்தனை முறை பூச்சுக்குப் போனது என்பது கிடைக்கும். குறைந்தது என்கிறேன், ஏனென்றால் இடையில் ஒருமுறை இரும்பு தெரியச் சுரண்டியிருந்தால் அதற்கு முந்தைய கணக்கு போய்விடும். பழைய அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அரைத்துத் தூசி கிளப்பிவிடாதீர்கள்.

உலோகத்தில் அடித்த எண் தேய்ந்தோ, யாரோ வேண்டுமென்றே ராவியோ மறைந்திருந்தால்? குற்றவியல் ஆய்வகங்கள் திருட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணை மீட்கும் உத்தி இங்கும் பலிக்கும். உளி வடிவ அச்சை வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது பள்ளம் விழும். அதோடு பள்ளத்துக்கும் கீழே உள்ள உலோகப் படிகங்கள் நசுங்கி, திரிந்து, இறுகிப்போகும். மேலே உள்ள பள்ளத்தை ராவி எடுத்தாலும் அந்த நசுங்கிய பகுதி உள்ளே மிச்சமிருக்கும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை மெருகேற்றிய பரப்பில் தடவினால் நசுங்கிய படிகங்களும் நசுங்காத படிகங்களும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. அந்த வித்தியாசத்தால் மறைந்த இலக்கம் மங்கலாக மேலெழும். சில நிமிடங்கள் தெரிந்துவிட்டு மறைந்தும் போகும், அதனால் கேமரா தயாராக இருக்க வேண்டும். வார்ப்பில் வந்த எழுத்துகளுக்கு இது உதவாது, அங்கே நசுங்கல் ஏதும் இல்லை. பக்கத்தில் வாயு வெட்டியோ வெல்டிங்கோ இரும்பைச் சிவக்கக் காய்ச்சியிருந்தாலும் உதவாது. அந்தச் சூட்டில் படிகங்கள் புதிதாக அமைந்து பழைய காயத்தை மறந்துவிடும். அமிலத்தோடு விளையாட்டு வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

துருவைப் பற்றிக் காரைக்குடியில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சரியில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிமானம் முக்கியமான ஆய்வுத் துறை. கடற்காற்றில் இரும்பு படும் பாட்டைப் பார்க்க அதற்கு மண்டபத்தில் ஒரு களமும் உண்டு. ரயில் பெட்டியைப் பொறுத்தவரை துரு ஒரு மின்வேதியியல் கதை. ஐ.சி.எஃப். பெட்டியின் பக்கச் சுவர்த் தகடு 2 மில்லிமீட்டர் கனம்தான். கழிப்பறைக்குக் கீழேயும், தரைத் தகடும் பக்கச் சுவரும் சேரும் மடிப்பிலும் அழுக்கோடு ஈரம் தேங்கும். அழுக்குக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். ஒரே தகட்டின் இந்த இரண்டு இடங்களும் ஒரு மின்கலத்தின் இரு முனைகளாகிவிடும். ஆக்சிஜன் குறைந்த பக்கத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரையும், நிறைந்த பக்கத்தில் அந்த எலெக்ட்ரான்கள் செலவாகும். நடுவில் உள்ள உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆக, கண்ணுக்குப் படும் இடம் நன்றாக இருக்க, படாத இடம்தான் ஓட்டையாகும்.

இதைத் தடுக்கத்தான் பிற்காலத்தில் கார்ட்டன் எஃகு வந்தது. சிறிதளவு தாமிரம், குரோமியம், பாஸ்பரஸ் சேர்ந்த எஃகு. இதன் துரு உதிராமல் இறுகப் பிடித்து, தன்னையே கவசமாக்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கவசம் உருவாக நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வர வேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் கழிப்பறை அடித்தளத்தில் அது உருவாவதே இல்லை. அதனால்தான் நல்ல எஃகு போட்டும் அதே இடங்களில் ஒட்டுத் தகடுகளைக் காண்கிறோம். மீயொலிக் கருவியை வைத்தால் தகட்டின் மீதிக் கனம் தெரியும்: எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் பாயும், 2 மில்லிமீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பாகம்கூட ஆகாது. 1.3, 1.2 என்று காட்டிக்கொண்டு வந்து திடீரென்று 2 என்று காட்டினால் அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

துருவை வைத்து வயதைக் கணக்கிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ராமேசுவரத்தில் நின்று உப்புக் காற்றைக் குடித்த பெட்டியும் உள்நாட்டில் மட்டும் ஓடிய பெட்டியும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் வேறு வேறு வேகத்தில் அரிபட்டிருக்கும். துரு பெட்டியின் வாழ்க்கையைச் சொல்லும், பிறந்த நாளைச் சொல்லாது.

பெட்டி ஓய்வுபெற்ற பிறகும் வேலை பார்த்திருக்கலாம். பயணிகள் பெட்டிகள் பலவற்றை ஜன்னலையும் கதவையும் அடைத்து, இருக்கைகளைப் பிடுங்கி, முனைகளில் பெரிய கதவு வைத்து கார், இருசக்கர வாகனம் ஏற்றும் என்.எம்.ஜி. வண்டிகளாக மாற்றினார்கள். அடைத்த ஜன்னலின் வெல்டிங் கோடு மேற்கு வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். ஜன்னல்களின் இடைவெளியை அளந்து உள்ளே எத்தனை பகுதிகள் இருந்தன என்று கணக்கிட்டால் முந்தைய பிறவி தெரிந்துவிடும். எட்டெட்டுப் பேராக ஒன்பது பகுதிகள் என்றால் 72 படுக்கைகள், அது ஐ.சி.எஃப். படுக்கை வசதிப் பெட்டி. எட்டுப் பகுதிகள், 64 படுக்கைகள் என்றால் குளிர்வசதி மூன்றடுக்கு. அடியில் உயிரிக் கழிப்பறைத் தொட்டியைத் தாங்கிய கம்பிகள் இருந்தால் 2010-களிலும் பயணிகளைச் சுமந்திருக்கிறது.

இத்தனைக்கும் மேல் பலமான சாட்சி, கூட்டில் பொருத்திய தயாரிப்பாளர் தகடும், அடிச்சட்டத்தில் அடித்த குறிகளும். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்., பெங்களூரின் பி.இ.எம்.எல்., பிறகு கபூர்தலா தொழிற்சாலை ஆகியவை தத்தம் பெயரையும் ஆண்டையும் பதித்து அனுப்பின. தகட்டைக் கழற்றி விற்றுவிட முடியும் என்பதால் அடிச்சட்டக் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. முனீஸ்வரன் கோயில் தெருவில் தனியாகக் கிடைக்கும் தகட்டுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது அழகான பித்தளை, அவ்வளவுதான்.

கடைசியில் காகிதம். ஒவ்வொரு பெட்டிக்கும் டிப்போவிலும் பணிமனையிலும் பராமரிப்புப் பதிவு இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். "காரைக்குடி ஸ்டேஷனில் நிற்கும் பழைய பெட்டி" என்று எழுதிக் கேட்டால் பதில் வராது. பெட்டி எண், எழுத்துக் குறி, எந்த ரயில்வே, கடைசிப் பராமரிப்புத் தேதி, பணிமனையின் பெயர் ஆகிய ஐந்தும் இருந்தால் தேடும் குமாஸ்தாவுக்கு வேலை பாதி முடிந்தது. பெட்டி ஏலத்துக்குப் போவதற்குள் இவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு எண்ணை எல்லோரும் எடுப்பார்கள். டார்ச்சோடு குனிந்து அடிச்சட்டத்தை முதலில் எடுங்கள்.